தண்டலும் தண்டமும்

நம் ஊர்ப் பக்கத்தில் ‘வரி கட்டினேன்’ என்பார்கள். ‘தண்டம் அழுதேன்’ என்பார்கள். வரியை அழுததாகச் சொல்லும் வழக்கம் இல்லை. இரண்டிலும் கையை விட்டுப் போவது பணமே. போய்ச் சேருமிடமும் பெரும்பாலும் அரசாங்கக் கருவூலமே. ஆயினும் பேச்சு வழக்கு இரண்டிற்கும் இரு வேறு வினைச்சொற்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. இத்தனைக்கும் சொற்கள் அண்டை வீட்டுக்காரர்கள். வரி திரட்டுவதற்குத் ‘தண்டல்’ என்று பெயர். குற்றத்திற்காக வாங்கப்படுவது ‘தண்டம்’. முன்னது தண்டுதல், அதாவது திரட்டுதல். பின்னது வடமொழியில் கோலைக் குறித்து, அக்கோலால் தரப்படும் ஒறுப்பையும் குறிக்கலான சொல். ஒலி நெருங்கியிருப்பதால் பொருளும் நெருங்கியதே என்று எண்ணிவிடலாகாது. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தின்மேல் வருவது ‘இறை’; கட்டுப்பாட்டை மீறியவன் கழஞ்சுக் கணக்கில் பொன்னாகக் கொடுப்பது ‘தண்டம்’. இறை நீக்கப்பெற்ற நிலத்திற்கு ‘இறையிலி’ என்று பெயரிட்டவர்கள், தண்டம் செலுத்தாதவனுக்கு அப்படியொரு கௌரவப் பெயர் சூட்டவில்லை.

இவ்வேறுபாட்டை நாம் நூல்களில் கற்றோமல்லோம். 2016-ஆம் ஆண்டில் 12,000 ரூபாய் என்று விலை குறித்த ஒரு காகிதம் தலைநகரில் உள்ள நம் அரசுக் குடியிருப்பின் கதவைத் தட்டி வந்து கற்பித்தது.

நம் தந்தையார் மறைந்தபின் ஊரில் இருந்த சிறிது நஞ்சையை விற்றோம். வந்த தொகை பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம். தாயாரைத் தில்லிக்கே அழைத்து வந்துவிட்டோம். அப்பணத்தை அவருடைய மருத்துவத்திற்கென ஒதுக்கி, ஊரிலுள்ள கூட்டுறவு நாணயச் சங்கத்தில் நம் பெயரை முதலிலும் அவர் பெயரை இரண்டாவதாகவும் எழுதி, மூன்றாண்டு கழித்து வட்டியும் முதலுமாகப் பெறும் வைப்பாகப் போட்டோம். 2012-13-இல் அதற்கு ஏறிய வட்டி 1,16,500 ரூபாய். அதை நாம் வருமான விவரப் படிவத்தில் காட்டவில்லை. கைக்கு வராத பணம் எப்படி வருமானமாகும் என்பது நம் எண்ணம். ஆண்டுதோறும் ஏறும் வட்டியை ஆண்டுதோறும் காட்டிவர வேண்டும் என்பது துறையின் எண்ணம். சரியானது துறையின் எண்ணமே.

வட்டி பெறுவோர் பட்டியலைத் துறையினர் நாணயச் சங்கத்திடம் கேட்டு வாங்கியிருந்தனர். 2015-இல் நம் பழைய கணக்கு மீண்டும் திறக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில் ஆணை வந்தது. அந்த வட்டிக்கு வரி, மேல்வரியுடன் சேர்த்து 12,000 ரூபாய். காலங்கடந்ததற்கான வட்டி 4,600 ரூபாய் சொச்சம். மறுநாளே வங்கிக்குச் சென்று செலானை நிரப்பிக் கட்டிவிட்டு வந்தோம். மாதக் கடைசி ஆதலால் கை கடித்ததே தவிர, நெஞ்சு கடிக்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தோம், அவ்வளவே.

ஆனால் அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 271(1)(சி) பிரிவின்படி நம்மீது ஏன் தண்டம் விதிக்கலாகாது என்று கேட்கும் அச்சடித்த அறிவிப்பு. ‘வருமான விவரங்களை மறைத்தீர்’ என்றும், ‘பிழையான விவரங்களைத் தந்தீர்’ என்றும் இரண்டு வரிகள் அதில் இருந்தன. பொருந்தாததை அடித்துவிட வேண்டும்; இரண்டும் அடிக்கப்படாமலே இருந்தன. இருபதாண்டுக் காலம் படிவங்களோடு வாழ்ந்த எழுத்தராகிய நமக்கு, பொருந்தாததை அடிக்காத படிவம் எத்தகையது என்பது தெரியும். எழுதியவர் எதையும் எண்ணிப் பார்க்கவில்லை என்பது அதன் பொருள். (இத்தகைய அறிவிப்புச் செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. அஃது அப்போது நமக்குத் தெரியாது.)

அப்பிரிவின்படி தண்டம், தப்பவிட முயன்ற வரிக்குக் குறையாமலும் அதன் மும்மடங்கிற்கு மேற்படாமலும் இருக்கலாம். ஆகவே குறைந்த அளவு தண்டம் நமக்கு 12,000 ரூபாய். வரியும் பன்னிரண்டாயிரம், தண்டமும் பன்னிரண்டாயிரம். அதே வங்கி, அதே சாளரம், அதே செலான். கட்டத்தில் இடும் குறி மட்டும் வேறு. முதற் பன்னிரண்டாயிரத்தை ஒரே நாளில் கட்டிய நாம், இரண்டாவது பன்னிரண்டாயிரத்தைக் கட்டுவதில்லை என்று அன்றிரவே முடிவு செய்தோம்.

இல்லத்தில் எழுந்த குழப்பத்தையும் கூறிவிட வேண்டும். நம் துணைவியார் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் தமக்குத் தெரிந்த இந்தியில், “இவருக்குப் பன்னிரண்டாயிரம் அபராத்” என்று சொல்லிவிட்டார். அந்த அம்மையார் முகம் வெளிறி, “அபராத்? என்ன அபராத் செய்தார்?” என்று கேட்டாராம். நாம் தமிழில் குற்றத்திற்குக் கட்டும் பணத்தை அபராதம் என்கிறோம். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குக் குற்றம் என்றே பொருள். பணத்திற்கு அவர்கள் இடும் பெயர் ‘ஜுர்மானா’. அதுவும் ‘ஜுர்ம்’ என்னும் குற்றப் பெயரிலிருந்தே பிறந்தது. சிரித்துவிட்டுப் போக வேண்டிய செய்திதான். ஆனால் உள்ளே அமர்ந்திருந்த தாயார் சிரிக்கவில்லை. அவர் காதில் விழுந்தது வேறொரு சொல். இரவு உணவின்போது மெல்லக் கேட்டார்: “நீ என்னப்பா மறைச்சே?”

நண்பர்கள் எல்லாரும் ஒரே குரலில், “பன்னிரண்டாயிரத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருங்கள் சார்; வழக்கறிஞரிடம் போனால் அதைவிடச் செலவாகும்” என்றனர். கணக்கு சரிதான். எனினும் கட்டியிருந்தால் அக்கேள்விக்கு விடை எழுதிக் கையொப்பம் இட்டதாகியிருக்கும்.

நம் சங்க நூலகத்திற்கு நாள்தோறும் வரும் பெரியவர் ஒருவர் வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரிடம் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். படித்துவிட்டு, “தம்பி, உங்களிடம் மூன்று கேட்டிருக்கிறார்கள். மூன்றையும் ஒன்றாக எண்ணாதீர்கள்” என்று தொடங்கினார். அன்று தொடங்கிய பாடம் ஏறத்தாழ ஒரு மாதம் நடந்தது. அதில் நாம் தெளிந்ததைச் சுருக்கிக் கூறுவோம்.

முதலாவது வரி. சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதிக்கவோ திரட்டவோ கூடாது என்பது அரசமைப்பின் 265-ஆம் விதி. வரி என்பது யாது என்று உச்ச நீதிமன்றம் 1954-ஆம் ஆண்டில் விளக்கியது. சென்னை மாகாணத்தின் 1951-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை எதிர்த்துச் சீரூர் மடத்துத் துறவியார் தொடுத்த வழக்கு அது. பொதுக் காரியத்திற்காகப் பொது அதிகாரம் கட்டாயமாகப் பெறுவது வரி. பெற்ற சேவைக்கு ஈடாகத் தருவது கட்டணம். மடங்களின் வருவாயிலிருந்து நூற்றுக்கு ஐந்து வரை பெறுவதைச் சட்டம் ‘பங்களிப்பு’ என்றே குறித்திருந்தது. நீதிமன்றமோ பெயரைப் பார்க்கவில்லை, தன்மையைப் பார்த்தது. அது வரியே என்றும், அத்தகைய வரியை விதிக்க மாகாணச் சட்டமன்றத்திற்கு அதிகாரமில்லை என்றும் தீர்த்தது. வரி செலுத்துபவன் நல்லவனா, கெட்டவனா என்ற ஆராய்ச்சிக்கு இவ்விளக்கத்தில் இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சம்பாதித்தாய், கொடு, அவ்வளவே.

இரண்டாவது வட்டி. “இது வாடகை, தம்பி. சர்க்கார் பணத்தை மூன்று வருஷம் நீங்கள் வைத்திருந்தீர்கள், அதற்கு வாடகை” என்றார் பெரியவர். மாதத்திற்கு நூற்றுக்கு ஒன்று வீதம் ஏறியது அது. காலந்தாழ்ந்த வரிமீது சட்டப்படி ஏறும் வட்டி இழப்பை ஈடுசெய்வதே, ஒறுப்பதன்று என்று 1980-இல் ஒரு சர்க்கரை ஆலையின் கரும்புத் தீர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

மூன்றாவது தண்டம். இங்கேதான் சட்டம் முதன்முறையாக மனிதனின் நெஞ்சுக்குள் எட்டிப் பார்க்கிறது.

ஒரிசாவில் ரூர்கேலா எஃகு ஆலை எழும்பிய காலத்தில், இந்துஸ்தான் ஸ்டீல் நிறுவனம் கட்டடம் கட்டும் ஒப்பந்தக்காரர்களுக்கு இரும்பு, சிமெண்டு முதலிய பொருள்களை விலைக்குக் கொடுத்து வந்தது. விற்பனை வரிச் சட்டப்படி வணிகராகப் பதிவு செய்துகொள்ளவில்லை என்று அதன்மீது தண்டம் விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 1969 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு இன்றும் வரி வழக்கறிஞர்கள் நாவில் இருப்பது. தண்டம் விதிக்கும் நடவடிக்கை குற்ற விசாரணையைப் போன்றது. வேண்டுமென்றே சட்டத்தை எதிர்த்தவன்மீது, நேர்மையற்று நடந்தவன்மீது, கடமையை அறிந்தே புறக்கணித்தவன்மீது விதிக்க வேண்டியது. விதிக்க அதிகாரம் இருக்கிறது என்ற ஒரே காரணத்திற்காக விதிக்கக் கூடாது. நேர்மையான நம்பிக்கையால் நேர்ந்த தவறு அதற்கு உரியதன்று என்பவை அதன் கருத்துகள். அடுத்த ஆண்டே அன்வர் அலி என்பவரின் வழக்கில், சொன்ன விளக்கம் பொய்யென்று தள்ளப்பட்டதனால் மட்டும் வருமானத்தை மறைத்தான் என்று ஆகிவிடாது. மறைத்தான் என்பதைத் துறையே மெய்ப்பிக்க வேண்டும் என்றும் கூறியது.

வரிக்கும் தண்டத்திற்கும் காலக் கணக்கும் வேறு. வரி எவ்வளவு என்பதை மதிப்பீட்டு ஆண்டில் நடப்பிலுள்ள சட்டம் தீர்மானிக்கிறது. தண்டத்தையோ தவறு நிகழ்ந்த நாளில் இருந்த சட்டம் தீர்மானிக்கிறது என்பது 1979-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. ஒன்று வருமானத்தைத் தொடர்வது. மற்றது செயலைத் தொடர்வது.

வணிகர்கள் இவ்வேறுபாட்டை அழிக்க முயன்றதும் உண்டு. ஈராக்கிலிருந்து பேரீச்சம்பழம் இறக்கிய ஒரு நிறுவனத்தார், பாய்மரக் கலங்களில் மட்டும் கொண்டுவர வேண்டிய பழத்தை, தடையிருந்தும் நீராவிக் கப்பலில் கொண்டுவந்தனர். சுங்கத் துறை பழத்தைப் பறித்தது. தண்டம் கட்டி மீட்டனர். பிறகு வருமான வரிக் கணக்கில் அத்தண்டத்தையும் வியாபாரச் செலவாக எழுதினர். சுங்க வரி கட்டியிருந்தால் அது செலவுதான்; யாரும் மறுத்திரார். தண்டம் செலவாகாது, சட்டத்தை மீறுவது வணிகத்தின் இயல்பான பகுதியன்று என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1961-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் இதனைக் காணலாம். நம் தெருவில் ஒரு செல்வர் நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அபராதச் சீட்டு வந்தால், “அது பார்க்கிங் காசு” என்பார். தண்டத்தை வரியாக்கிக் கொள்ளும் அவர் மனநிலையையும், பன்னிரண்டாயிரத்திற்காக உறக்கம் இழந்த நம் மனநிலையையும் ஒரே சட்டம் ஆளவேண்டியிருக்கிறது.

அமெரிக்க நாட்டிலும் இதே சிக்கல் எழுந்திருக்கிறது. குழந்தைகளை வேலைக்கு வைக்கும் ஆலைகளின் நிகர இலாபத்தில் பத்தில் ஒரு பங்கைப் பெறும் சட்டத்திற்கு ‘வரி’ என்று பெயரிட்டிருந்தார்கள். அது வரியன்று, தண்டமே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1922-இல் கூறி அதை வீழ்த்தியது. அறிந்தே செய்தவனிடம் மட்டும் அது வாங்கப்பட்டது என்பதும் ஒரு காரணம். 2012-இல் நேர்மாறாக நிகழ்ந்தது. மருத்துவக் காப்புறுதி எடுக்காதவர் செலுத்த வேண்டிய தொகையைச் சட்டம் ‘தண்டம்’ என்றது. நீதிமன்றம் வரி விதிக்கும் அதிகாரத்தின்கீழ் அது செல்லும் என்று காப்பாற்றியது. அத்தொகை 2019 முதல் சுழியமாக்கப்பட்டுவிட்டது.

நம் நாட்டிலோ பெயர் மாற்றம் வேறொரு வேலையைச் செய்துவிட்டது. இதைப் பெரியவர் சற்றுக் கசப்போடே சொன்னார். விவரப் படிவத்தைக் காலத்தில் தராதவருக்கு முன்பு 5,000 ரூபாய் தண்டம் விதிக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. ‘விதிக்கலாம்’ என்பதால் அதிகாரி கேட்பார். நோய், மரணம், வெள்ளம் என்று தக்க காரணம் சொன்னால் விட்டுவிடலாம். 2018-19 மதிப்பீட்டு ஆண்டு முதல் அதன் இடத்தில் ‘கட்டணம்’ வந்தது. கட்டணத்திற்குக் கேள்வியும் இல்லை, விடையும் இல்லை. படிவத்தோடு தானே கணக்கிட்டுக் கட்டிவிட வேண்டியதுதான். குற்றவாளி என்ற பழி நீங்கியது. அதனோடு பேசும் உரிமையும் நீங்கியது. இது நன்மையா தீமையா என்று நாம் இன்னும் முடிவு செய்தபாடில்லை.

நம் வழக்கிற்கு வருவோம். 1969-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கண்டதும் நாம் வென்றுவிட்டதாகவே மகிழ்ந்தோம். பெரியவர் தலையசைத்தார். “அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள் தம்பி. 2008-இல் காற்று மாறிவிட்டது” என்றார். தர்மேந்திரா டெக்ஸ்டைல் வழக்கில், இவ்வகைத் தண்டம் உரிமையியல் பொறுப்பே, வேண்டுமென்றே செய்தான் என்பதைத் துறை மெய்ப்பிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் அவ்வாண்டில் கூறியிருந்தது. அடுத்த ஆண்டு, அதனால் எல்லாவற்றிற்கும் தானாகவே தண்டம் வந்துவிடும் என்று பொருளன்று என்று அதுவே விளக்கியது. பிறகு 2012 செப்டம்பரில் நமக்கு மிகவும் ஆறுதலான ஒரு தீர்ப்பு வந்தது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ், அதாவது ஊரார் கணக்கையெல்லாம் தணிக்கை செய்து கொடுக்கும் நிறுவனம், தன் சொந்தப் படிவத்தில் பணிக்கொடைக்கென ஒதுக்கிய 23 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையைத் தவறாகக் கழித்திருந்தது. அது கழிக்கத் தக்கதன்று என்று உடன் வைத்த அறிக்கையிலேயே எழுதியும் இருந்தது! இஃது எவருக்கும் நேரக்கூடிய மனிதப் பிழை, மறைப்பு அன்று என்று உச்ச நீதிமன்றம் தண்டத்தை நீக்கியது. அவர்களுக்கே நேருமாயின் நமக்கு நேராதா?

இவ்வளவும் கையில் இருந்தும் விடை எழுத அமர்ந்தபோது பேனா ஓடவில்லை. மூன்று இரவுகள் ஒரே வாக்கியத்தில் நின்றோம். ‘எனக்குத் தெரியாது’ என்னும் வாக்கியம் அது.

வரி கேட்டபோது எவரும் நம் மனத்தைக் கேட்கவில்லை. தண்டத்தை மறுக்கப் புகுந்தபோது அதையே சான்றாகக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருந்தது. வைக்குமுன் நாமே அதைத் திறந்து பார்க்க வேண்டாவா? ஆண்டுதோறும் ஏப்ரலில் நாணயச் சங்கத்திலிருந்து பழுப்பு உறையில் ஒரு சீட்டு வரும். அவ்வாண்டு ஏறிய வட்டி அதில் எழுதியிருக்கும். அதைப் பிரித்தோமா? பிரித்தோம். தொகையைக் கண்டோமா? கண்டோம், கண்டு மகிழ்ந்தும் இருக்கிறோம். பிறகு தாயாரின் மருந்துச் சீட்டுகளோடு அலமாரியில் வைத்தோம். ஜூலையில் படிவம் நிரப்பும்போது ‘பிற வகை வருமானம்’ என்ற கட்டத்தின்முன் கை சற்று நின்றதா? நின்றது என்றே நினைக்கிறோம். யாரையாவது கேட்கலாம் என்று தோன்றிற்றா? தோன்றியிருக்கலாம். கேட்டால் என்ன விடை வரும் என்ற ஐயத்தினாலேயே கேளாமல் விட்டோமா? இதற்கு அன்றும் நமக்கு விடை தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

இறுதியில், ‘தெரியாது’ என்பதை அடித்துவிட்டு உள்ளதை எழுதினோம். சீட்டு வந்தது, தொகையைக் கண்டோம், கையில் வரும் ஆண்டில் காட்டினால் போதும் என்று எண்ணினோம், கேட்டுத் தெளிந்திருக்க வேண்டும், தெளியவில்லை, பிழை சுட்டப்பட்டதும் வரியையும் வட்டியையும் மறுநாளே செலுத்தினோம். பெரியவர் படித்துவிட்டு, “சீட்டைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லையே, நீங்களாக ஏன் எழுதுகிறீர்கள்?” என்றார். நாம் மாற்றவில்லை.

விசாரணைக்கு அழைத்த அதிகாரி, நம்மைவிடப் பத்து வயதேனும் இளையவரான ஒரு பெண்மணி. கடிதத்தை இருமுறை படித்தார். “சீட்டு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் அரசு அலுவலகத்தில் இருப்பவர். ஒருவரைக் கேட்டிருக்கக் கூடாதா?” என்றார். “கேட்டிருக்க வேண்டும், அம்மா” என்றோம். வேறு விடை நம்மிடம் இல்லை. அவர் சிறிது நேரம் நம்மைப் பார்த்துவிட்டு, கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார். ஐந்து வாரங்கள் கழித்து இரண்டு வரி ஆணை வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, நடவடிக்கை கைவிடப்பட்டது.

அந்த 271(1)(சி) பிரிவின் ஆட்சி அத்தோடு ஏறக்குறைய முடிந்தது. 2017-18 மதிப்பீட்டு ஆண்டு முதல் வேறொரு பிரிவு அதன் இடத்தைப் பெற்றது. வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் வரியில் நூற்றுக்கு ஐம்பது, திரித்துக் காட்டினால் நூற்றுக்கு இருநூறு என்று வகுத்தார்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாகவே 2025-இல் புதுச் சட்டம் இயற்றப்பட்டும் விட்டது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிப்போய்விட்டமையால், நாம் அரும்பாடுபட்டு மனப்பாடம் செய்தவை இனிப் பயன்படா.

ஆணை வந்த அன்று மாலை தாயாரிடம் சென்று, “தண்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் அம்மா” என்றோம். அவர் அகல்விளக்கிற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். “சரி” என்று மட்டும் சொன்னார். வைப்புத் தொகை முதிர்ந்து, அதன் பெரும்பகுதி அவருடைய முழங்கால் சிகிச்சைக்கே செலவாகியும் போயிற்று. ஆயினும் ஒவ்வோராண்டும் ஜூலை மாதத்தில் நாம் தாள்களைப் பரப்பிக்கொண்டு அமரும்போது, அவர் சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து எதிரே உட்காருகிறார். பழுப்பு உறைகள் எல்லாவற்றையும் எடுத்து முன்னே வைக்கிறார். “எல்லாத்தையும் எழுதிட்டியாப்பா?” என்று கேட்கிறார்.